கிளிப் போட்ட பல்லுக்கு எது நல்லது: குட்டி பிரஷ்ஷா, வாட்டர் ஃபிளாசரா, ஃபிளாஸ் நூலா?

பல்லுக்கு கிளிப் போட்ட சில வாரங்களில் ஈறு சிவந்து தடித்து, பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தால், பெரும்பாலும் கம்பியின் மேல்தான் பழி விழும். உண்மையில், கம்பியைப் பிடித்துக்கொள்ள ஒவ்வொரு பல்லிலும் ஒட்டியிருக்கும் சிறு துண்டான பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள குறுகிய இடத்தில் படியும் பாக்டீரியாப் படலம்தான் காரணம். சாதாரண பிரஷ் கம்பியில் முட்டிக்கொண்டு நின்றுவிடுவதால், அந்த இடத்துக்குத் தனியாக ஒரு கருவி வேண்டும்.

என் ஓட்டு இன்டர்டென்டல் பிரஷ் எனப்படும் குட்டி பிரஷ்ஷுக்கே. படலம் பசைபோல ஒட்டியிருக்கும், உரசினால்தான் போகும். கம்பிக்கு அடியில் பிரஷ்ஷை மேலிருந்து நுழைத்து, பிராக்கெட்டின் ஒரு பக்கத்தை ஈறு ஓரம்வரை உரசுங்கள். அடுத்த பக்கமும் அப்படியே. பிறகு கீழிருந்து நுழைத்து இன்னொரு முறை. அளவில் கவனம் தேவை: திணித்தால்தான் நுழைகிறது என்றால் அது பெரிது, எங்கும் உரசாமல் போய்வந்தால் சிறிது. நடுக்கம்பி வளைந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள், ஈறைக் குத்தும்.

தண்ணீரைப் பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்யும் வாட்டர் ஃபிளாசர் பிடித்துப்போவதில் வியப்பில்லை. சிக்கிய உணவுத் துணுக்குகளை நொடியில் அடித்துவிடும், வலிக்கும் ஈறுக்கும் இதமாக இருக்கும். ரத்தக்கசிவு குறையவும் உதவும். ஆனால் ஒட்டிய படலம் முழுவதையும் தண்ணீர் பெயர்த்தெடுக்காது. பிரஷ்ஷோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம், பிரஷ்ஷுக்கு மாற்றாக வேண்டாம்.

ஃபிளாஸ் நூல் பொறுமையைச் சோதிக்கும். ஒவ்வொரு இடுக்கிலும் கம்பிக்கு அடியில் கோத்து எடுக்க வேண்டும். நுனி விறைப்பாக இருக்கும் சூப்பர் ஃபிளாஸ் கொஞ்சம் சுலபம். இரண்டு பற்கள் நெருங்கி ஒட்டி நிற்கும் இடத்தில் குட்டி பிரஷ் போகாது, அங்கே நூல்தான் வழி.

கிருமிகளைக் கொல்லும் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை இவற்றோடு போட்டிக்கு நிறுத்தவே கூடாது. மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும்தான் அது. நீண்ட நாள் கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கில் ருசி மாறும்.

எதை எடுத்தாலும், ரத்தம் வருகிறதே என்று பயந்து அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள். மென்மையாக, தினமும், அங்கேதான் சுத்தம் செய்ய வேண்டும். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் கசிவு அடங்கும். அடங்காவிட்டாலோ, ஈறு வளர்ந்து பிராக்கெட்டை மூடத் தொடங்கினாலோ, அடுத்த முறை கம்பி முடுக்கப் போகும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.