பழைய காரில் மிஸ்ஸிங்: ஸ்கேனர், மல்டிமீட்டர், ஸ்பார்க் டெஸ்டர் எது உதவுகிறது?

என்னுடையது நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார், வயதானது. பொறிக்கு வேண்டிய உயர் வோல்டேஜைத் தரும் காயில் இரண்டு, அங்கிருந்து ஒவ்வொரு பிளக்குக்கும் ஒயர். ஒரு காயில் 1, 4 சிலிண்டர்களுக்கும் இன்னொன்று 2, 3-க்கும் சேர்த்துப் பொறி கொடுக்கும். இந்த வண்டிக்கு மிஸ்ஸிங், அதாவது ஏதாவது ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் இன்ஜின் திணறுவது, வராத வருடமே இல்லை என்பதால், இந்த மூன்று கருவிகளும் என்னிடம் நன்றாகவே அடிபட்டிருக்கின்றன.

காரின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறு எண்ணைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை எல்லோரும் பெரிதாகச் சொல்வார்கள். பி0302 என்று வந்தால் இரண்டாவது சிலிண்டர் மிஸ் ஆகிறது; அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் சுற்றும் வேகம் எந்தச் சிலிண்டரின் முறையில் குறைகிறது என்பதைத்தான் கம்ப்யூட்டர் கவனிக்கிறது. கோளாறு பிளக்கா, பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரா, கம்ப்ரஷனா, எதுவானாலும் எண் அதேதான். ஆனால் இந்த வகை வண்டியில் ஒரு வசதி உண்டு: 2, 3 இரண்டும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் காயில் மேல். ஒன்று மட்டும் வந்தால் ஒயர் அல்லது பிளக்கில் தொடங்கலாம்.

மல்டிமீட்டர், பிளக் ஒயர் உள்ளே அறுந்திருந்தால் காட்டிக்கொடுக்கும். ஒயரை லேசாக அசைத்துக்கொண்டே அளக்க வேண்டும், அப்போதுதான் ரீடிங் குதிப்பது தெரியும். காயில் விஷயத்தில் அதை நான் நம்புவதில்லை. சில வோல்ட் பேட்டரியில் ஓடும் மீட்டருக்கு, ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறும்போது மட்டும் கசியும் விரிசல் எப்படித் தெரியும்? ஓம்ஸ் (மின்தடை) கணக்கு கச்சிதமாக இருந்த காயில், சூடேறி மேடு ஏறும்போது திணறியதைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அதிகம் உழைத்தது மூன்றிலும் சாதாரணமான ஸ்பார்க் டெஸ்டர்தான், இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் வகை. பிளக்கைக் கழற்றி வெளியே வைத்துப் பொறி வருகிறதே என்று திருப்திப்படுவது வீண். சிலிண்டருக்குள் அமுக்கப்பட்ட காற்றைத் தாண்ட அதைவிட அதிக வோல்டேஜ் வேண்டும். டெஸ்டரில் இடைவெளியைக் கூட்டினால் அந்தப் பாரம் கிடைக்கும். நீலமாகப் பட் பட்டென்று தாண்டினால் சரி. ஆரஞ்சு நிறத்தில் இழுத்தால் கோளாறு பற்றவைப்புப் பக்கம்தான். சோதிக்கும்போது இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிடுங்கள், எந்த ஒயரையும் சும்மா தொங்கவிடாதீர்கள். கையில் பிடிக்கவே கூடாது.

செலவே இல்லாத சோதனை ஒன்று: இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு, கையை எட்ட வைத்து, ஒயர்கள் மேல் தண்ணீரைப் பனிபோல் தெளிப்பது. என் வண்டியில் ஒயர் வால்வு கவரில் உரசிய இடத்தில் நூல் மாதிரி நீலக்கோடு தெரிந்தது, கூடவே டிக் டிக் சத்தம். அந்தப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடு. மின்சாரம் வழி போட்டுக்கொண்ட தடம் அது. துடைத்தால் போகாது. பிளக், ஒயர் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை விட்டால் பழையது புதியதையும் கெடுக்கும்.

அப்புறம், எப்போது மிஸ் ஆகிறது என்பதைக் குறித்துவைப்பது எந்தக் கருவிக்கும் சளைத்ததல்ல. ஈரமான காலையில் மட்டும் என்றால் ஒயர். உயர்ந்த கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது என்றால் பலவீனமான பொறி, அல்லது தேய்ந்து இடைவெளி விரிந்த பிளக். ஐட்லிங்கில் குலுங்கி, வேகம் பிடித்தால் சரியாகிறதென்றால் காயிலை விட்டுவிட்டு வேக்கம் ஹோஸில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் மட்டும் இந்த ஆராய்ச்சியெல்லாம் அப்புறம். எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். அதன் விலையில் பல செட் காயில் வாங்கலாம். ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.