அண்ணா நகரின் குறுக்குத் தெருக்களும் பழைய மாமல்லபுரம் சாலையின் முட்டுச்சந்துகளும்

சென்னை இரு விதமாக வளர்ந்திருக்கிறது. 1968-இல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த நிலத்தை ஒட்டி வீட்டு வசதி வாரியம் உருவாக்கிய அண்ணா நகரில், எண்ணிட்ட அகன்ற சாலைகளைக் குறுக்குத் தெருக்கள் அடிக்கடி வெட்டிச் செல்வதால், ஒன்று அடைபட்டாலும் மாற்றுவழி கிடைக்கிறது. காய்கறிக் கடைக்கு நடந்தே போய்விடலாம்.

பழைய மாமல்லபுரம் சாலையின் நிலை வேறு. 2000-இல் டைடல் பூங்கா என்னும் தகவல் தொழில்நுட்ப வளாகம் திறந்தபின் விரைந்து வளர்ந்த அப்பகுதியில், கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் குறுக்குவழிகளை முன்பே சுருக்கியிருந்தன. எஞ்சிய இடத்தில், ஒரு மனைப்பிரிவின் தெரு அடுத்ததன் மதிற்சுவரில் முட்டி நிற்கும்படியாகவே பல குடியிருப்புகள் எழுந்தன. சுவருக்கு அப்பால் இருக்கும் பள்ளிக்குக்கூட முதன்மைச் சாலைக்கு வந்து, திரும்புமிடம் தேடிச் சுற்ற வேண்டியிருப்பதால், ஆறு வழிச் சாலையும் போதாமல் போகிறது.

அண்ணா நகரிலும் நெரிசல் உண்டு. அங்கே தெருவின் பாதியை நிறுத்திவைத்த கார்களே விழுங்கிவிடுகின்றன. ஆயினும் முட்டுச்சந்தின் அமைதியைவிட ஊடுவழித் தெருவையே நான் தேர்வேன். வெள்ளநீரைத் தாங்கும் சதுப்பு நிலத்தின் மீது சாலை போடுவது தீர்வாகாது. புதிய மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும்போதே, அடுத்த நிலத்துக்குத் தெரு தொடர வேண்டும் என்று கட்டாயமாக்குவதுதான் செலவு குறைந்த வழி. கட்டிய சுவரைப் பின்னர் திறப்பது, நலச்சங்கக் கூட்டங்களைக் கண்டவர்கள் அறிவார்கள், எளிதன்று.