உப்பு ஏறுவதை முதலில் காட்டிக்கொடுப்பது எது?

கடலோரத்தில் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் புகுந்து, கிணற்றுத் தண்ணீர் கரித்த பிறகு தெரிந்துகொள்ள நாக்கே போதும், கண்காணிப்பு எதற்கு? கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு, அதாவது உப்பின் முக்கியக் கூறு. நூறு லிட்டர் நல்ல தண்ணீரில் இரண்டு லிட்டர் கலந்தாலே, சுவை மாறத் தொடங்கும் 250 மில்லிகிராமைத் தாண்டிவிடும்.

வழக்கமான முறை, மோட்டாரைப் போட்டுப் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவது. உப்பு கடலிலிருந்து வந்ததா, சாக்கடையிலிருந்தா என்று பிரித்தறிய இது வேண்டும். கடல்நீரில் குளோரைடு, இன்னொரு உப்புக்கூறான புரோமைடைப் போல எடையில் ஏறக்குறைய 290 மடங்கு. சாக்கடை கலந்தால் இந்த விகிதம் பெரும்பாலும் அதற்கும் மேலே போகும். ஆனால் பம்பு எல்லா ஆழத்துத் தண்ணீரையும் கலந்தல்லவா கொடுக்கிறது? அடியில் ஏறும் உப்பை மேலே உள்ள நல்ல தண்ணீர் மூடி மறைத்துவிடும்.

என் ஓட்டு, கேபிளில் கட்டிய மின்கடத்துத்திறன் (உப்பு கூடினால் இதுவும் கூடும்) சென்சாரைக் கண்காணிப்புக் கிணற்றுக்குள் மீட்டர் மீட்டராக இறக்கும் முறைக்கு. 800, 820, 850 மைக்ரோசீமென்ஸ் என்று சும்மா நகர்ந்துகொண்டிருக்கும் எண், ஓர் ஆழத்தில் சட்டென்று ஆயிரக்கணக்கில் தாவும். போன தடவையைவிட அந்தத் தாவல் மேலே வந்திருந்தால் விஷயம் புரிந்துவிடும். ஒன்று மட்டும்: நீளமான ஃபில்டர் குழாய் (தண்ணீர் உள்ளே வரத் துளையிட்ட பகுதி) உள்ள கிணற்றில் தண்ணீர் உள்ளுக்குள்ளேயே மேலும் கீழும் ஓடி அளவைக் குழப்பும். வெவ்வேறு ஆழத்தில் குட்டையான ஃபில்டர் வைத்த குழாய்களே நம்பகமானவை. செலவுதான், என்ன செய்ய.

கிணற்றிலேயே விட்டுவைக்கும் லாக்கர், அதாவது அளவைத் தானாகப் பதிவு செய்யும் சென்சார் கருவி, கடல் ஏற்றவற்றத்தையும் பம்பு ஓடும் நேரத்தையும் மணிக்கு மணி பிடித்துவிடும். ஆனால் அது தொங்கும் ஆழம் மட்டுமே அதற்குத் தெரியும். சென்சாரில் பாசி படிந்தாலும் அளவு பிசகும்.

நிலத்தில் மின்சாரம் செலுத்தி அளக்கும் நில மின்தடை ஆய்வுக்குத் துளையே வேண்டாம், பரந்த இடத்தைப் பார்க்கும். களிமண்ணும் உப்புநீரும் அதற்கு ஒரே மாதிரி தெரிவதுதான் சிக்கல். எங்கே துளையிடலாம் என்று முடிவெடுக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் எச்சரிப்பது வெறும் நீர்மட்ட டேப். கடல்மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் நல்ல தண்ணீர் என்பது பழைய கணக்கு. அரை மீட்டர் இறங்கினால், நாளடைவில் கீழே 20 மீட்டர் போய்விடும். ஆனால் பதிவேட்டில் 'தரையிலிருந்து இத்தனை மீட்டர்' என்று மட்டும் எழுதி, கிணற்று வாயின் உயரத்தைக் கடல்மட்டத்தோடு அளந்து வைக்கவில்லை என்றால், அந்த எண்ணை வைத்து இந்தக் கணக்கைப் போடவே முடியாது.