வெல்ல மண்டி ஐயாவும் எங்கள் பேஸ்பால் ஏலமும்: ஒரு விமர்சனம்

முதலில், ஏலம் கூற வந்த ஐயாவின் கூலியைச் சொல்லிவிடுகிறேன், பலரும் அதைத்தான் கேட்கிறார்கள். 2,500 ரூபாய், காலை டிபன், மதியச் சாப்பாடு, ஒரு கவுளி வெற்றிலை, போக வர ஆட்டோ. போன வருஷம் 10 மணி 40 நிமிடம் இழுத்த எங்கள் ஏலம், இந்த வருஷம் இவர் கையில் 3 மணி 50 நிமிடத்தில் முடிந்தது. ஆக, கொடுத்த காசு வீணில்லை. குறையும் உண்டு. அதில் ஒன்றை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

என்ன ஏலம் என்று கேட்பீர்கள். எங்கள் சித்தப்பா நியூஜெர்சியில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வந்து குடியேறியபோது, பெட்டி நிறைய அட்டைகளோடு வந்தார். ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்ற பேஸ்பால் விளையாட்டு. 1961-ல் வந்தது. நிஜ ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு, போன பருவத்தில் அவர் ஆடிய லட்சணம் அதில் எண்ணாக இருக்கும். மூன்று பகடை உருட்ட வேண்டும். வெள்ளைப் பகடையில் 1, 2, 3 விழுந்தால் அடிப்பவர் கார்டைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 என்றால் பந்து எறியும் பிட்சருடைய கார்டை. மற்ற இரண்டு பகடையின் கூட்டுத்தொகை எந்த வரி என்று சொல்லும். அவ்வளவுதான். தாயம் உருட்டத் தெரிந்த எங்கள் அம்மாவே பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்.

நாங்கள் எட்டு அணி. சித்தப்பா, நான், எங்க வீட்டுக்காரர், ஒரு கணக்கு வாத்தியார், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர், இன்னும் மூன்று பேர். ஓர் அணி 25 ஆட்டக்காரர் கார்டுகளை ஏலத்தில் எடுக்க வேண்டும், அதற்கு அணிக்கு 260 காசு. இந்த 260 நாங்கள் கண்டுபிடித்ததில்லை. 1980-ல் நியூயார்க்கில் டேனியல் ஓக்ரென்ட் என்பவரும் நண்பர்களும் தொடங்கிய ரோட்டிசரி லீக் என்ற கற்பனை அணி ஆட்டத்தில் நிலைத்துப்போன கணக்கு, 260 டாலருக்கு 23 பேர். அந்தக் கணக்கையே நாங்களும் வைத்துக்கொண்டோம். அவர்களுடைய நேரப் பிரச்சினையும் கூடவே வந்து சேர்ந்தது.

எட்டு அணிக்கு 25 என்றால் 200 பேரை ஏலம் விட வேண்டும். போன வருஷம் ஏற்காட்டில் ஒரு காட்டேஜ் எடுத்து, ஏரியைப் பார்த்துக்கொண்டே ஏலம் விடலாம் என்று போனோம். காலை 10 மணிக்குத் தொடங்கியது இரவு 8.40-க்கு முடிந்தது. ஏரியை யாரும் பார்க்கவில்லை. 20 கொண்டை ஊசி வளைவையும் மூடுபனியில் இறங்கி, அடிவாரம் வந்து சேர்ந்தபோது வண்டியில் யாரும் யாரோடும் பேசவில்லை.

அந்த 640 நிமிடத்தை நான் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன் (ஐந்து ரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை, பழக்கம் போகாது). ஆளுக்கு 3 நிமிடம் 12 நொடி. விலை கேட்பதில் போனது அதில் பாதிகூட இல்லை. முறை வைத்து ஒவ்வொருவரும் ‘அடுத்து இவரை விடுங்கள்’ என்று பெயர் சொல்ல வேண்டும். அதற்கு அரை நிமிடம் யோசித்தாலே 200 பேருக்கு 100 நிமிடம் போயிற்று. தனக்கு வேண்டாத ஆளின் பெயரைச் சொல்லி அடுத்தவன் காசைக் கரைக்கப் பார்ப்பது வேறு. சித்தப்பா போனில் 20 நொடிக் கடிகாரம் வைத்தார். யாராவது விலை ஏற்றினால் அது மறுபடி 20-லிருந்து ஓடும். நேரம் குறையும் என்று பார்த்தால் கூடியது. 19-ஆவது நொடி வரை வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு ஒரு காசு ஏற்றுவார்கள். கடிகாரம் முதலிலிருந்து ஓடும்.

இந்த வருஷம் பட்டறை நண்பர்தான் சொன்னார்: “எங்க தெருவுல ஒரு ஐயா இருக்காரு. வெல்ல மண்டியில 38 வருஷம் ஏலம் கூறுனவரு. சும்மாதான் இருக்காரு. கேட்டுப் பாக்கலாமா?”

ஐயாவுக்கு எழுபதுக்கு மேல். ஓமலூர், கருப்பூர் பக்கத்து ஆலைகளிலிருந்து வரும் வெல்லத்தை 30 கிலோ சிப்பம் சிப்பமாக விற்றுக் கொடுத்தவர். பேஸ்பால் என்ற சொல்லையே எங்களிடம்தான் முதலில் கேட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பட்டியலோடு போனேன்.

“எத்தனை உருப்படி கண்ணு?”

“இருநூறுங்கய்யா.”

“போன வருஷம் எவ்வளவு நேரம் ஆச்சு?”

சொன்னேன். சிரிக்கவில்லை. துக்க வீட்டில் விசாரிப்பவர் போலத் தலையை ஆட்டினார். அகர வரிசையில் நான் அடித்து வைத்திருந்த பட்டியலைப் பார்த்து, “அச்சு வெல்லத்தையும் உருண்டை வெல்லத்தையும் ஒரே குவியலாக் கொட்டி வெச்சிருக்கியே. ரகம் பிரி முதல்ல” என்றார். அன்று இரவு உட்கார்ந்து பிரித்தோம். முதல் ரகம் 48, இரண்டாம் ரகம் 88, மிச்சம் 64 இடத்துக்கு மூன்றாம் ரகம். ஒவ்வொரு ரகத்துக்கும் வேறு வேறு ஏலம். அவர் செய்து கொடுத்த பெரிய வேலை அந்த வெள்ளிக்கிழமை வேலைதான். ஞாயிற்றுக்கிழமை நடந்தது அதன் பலன்.

முதல் ரகம் வாய் ஏலம். பெயர் சொல்லும் முறை கிடையாது. எந்த வரிசையில் வரும் என்று முன்னாடியே தாளில் கொடுத்துவிட்டார். கைப்பேசிகளை எல்லாம் ஒரு முறத்தில் போடச் சொன்னார். ஒரு காசிலிருந்து தொடங்குவதே இல்லை. “ஒண்ணுல ஆரம்பிச்சா அம்பதுக்கு வர அம்பது தடவ கத்தணும். என் தொண்டை தாங்காது” என்றார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புரிய ஐபிஎல் போதும். சின்னப்பம்பட்டி நடராஜனை 2017-ல் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. தொடங்கிய அடிப்படை விலை 10 லட்சம். டிவி முன்னால் நமக்கு அது திருவிழா. ஆனால் 200 பேருக்கும் அப்படி அடிமட்டத்திலிருந்து ஏறினால் விடிந்துவிடும். ஐயா போன வருஷ விலையைக் கேட்டு, அதில் பாதியைத் தானே கூவித் தொடங்கினார். 20 வரை ஒன்று ஒன்றாக, அதற்கு மேல் இரண்டு இரண்டாக.

அடுத்தது தரம். ‘ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்’ என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சித்தப்பா ‘ரெண்டு தரம்’ சொல்லிவிட்டு டீ ஆற்றுவார், அந்த இடைவெளியில் யாராவது விழித்துக்கொள்வார்கள். ஐயாவிடம் ‘ரெண்டு தரம்’ சொன்ன பிறகு வாய் திறந்தால் செல்லாது. முதல் மூன்று பேர் போனதுமே எல்லோரும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துவிட்டோம்.

டாட்ஜர்ஸ் அணியின் ஓட்டானி வந்தபோது ஒரு தகராறு. 2025 பருவத்தில் 55 ஹோம் ரன் (நம்ம சிக்சர் மாதிரி) அடித்தவர், பாதிப் பருவத்திலிருந்து பந்தும் எறிந்தவர். அடிக்கும் கார்டு ஒன்று, எறியும் கார்டு ஒன்று. ஒரே ஏலமா, இரண்டா? போன வருஷமாக இருந்தால் இதற்கே முக்கால் மணி நேரம் போயிருக்கும். ஐயா குறுக்கே வந்தார்: “பசுவும் கன்னும் மாதிரியா? சந்தையில பசுவோட கன்னு சேந்துதான் போகும். சேத்தே விடறேன்.” 30-ல் தொடங்கி 68-க்கு வாத்தியாருக்குப் போனார். ஒன்றரை நிமிடம்.

இப்போது என் வயிற்றெரிச்சல். சியாட்டில் அணியின் கால் ராலே, கேட்ச்சர். முட்டி போட்டு உட்கார்ந்து பந்து பிடிக்கும் ஆளிடம் யாரும் பெரிய அடியை எதிர்பார்ப்பதில்லை. அவர் 2025-ல் 60 ஹோம் ரன் அடித்தார். என் அணியையே அவரைச் சுற்றித்தான் கட்டி வைத்திருந்தேன். விலை ஏறி ஏறிக் கடைசியில் நானும் எங்க வீட்டுக்காரரும் மட்டும். அவர் 44 என்றார். இன்னும் போவாரா என்று அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தேன். அதற்குள் “மூணு தரம்!”

“ஐயா, நான் கேக்க வந்தேனுங்க!”

“வீட்டுக்குத்தானே போகுது கண்ணு” என்று அடுத்த சிப்பத்துக்குப் போய்விட்டார்.

எட்டு பேரும் சிரித்தார்கள். எட்டு என்றால் என்னை விட்டு ஏழு, ஐயாவோடு எட்டு. அன்று இரவு எங்கள் வீட்டில் சமையல் நடக்கவில்லை.

இது அவசரம் மட்டுமில்லை என்று பிறகு தெரிந்தது. ஐயாவுக்கு இடது காது மந்தம். நான் உட்கார்ந்திருந்தது இடது பக்கம். பட்டறை நண்பரும் அதே பக்கம். அவருக்கும் இரண்டு ஆள் இப்படித் தவறியது. அவரை அமர்த்துகிறவர்கள், எல்லோரும் அவருக்கு எதிரிலோ வலது பக்கமோ உட்காரும்படி இடம் போடுங்கள். நீள மேசை வேண்டாம்.

இரண்டாம் ரகத்துக்கு அவர் கொண்டுவந்தது சீட்டு. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் விளைபொருளுக்கு நடக்குமே, மறைமுக ஏலம், அதேதான். எட்டு எட்டுப் பேராக 11 கட்டு. வேண்டியவர்களுக்கு எதிரே விலை எழுதி, மடித்து டப்பாவில் போட வேண்டும். யார் அதிகம் எழுதினாரோ அவருக்கு. ஒரு சீட்டில் எழுதும் மொத்தம் கையிருப்பைத் தாண்டக் கூடாது. மிச்சம் நிரப்ப வேண்டிய இடத்துக்குத் தலைக்கு ஒரு காசு ஒதுக்கி வைக்க வேண்டும். (தொடக்கத்தில் 260 இருந்தாலும், இன்னும் 24 இடம் இருப்பதால் ஒரே ஆளுக்கு 236-க்கு மேல் கேட்க முடியாது. பலகையில் இந்தக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தது நான்.) விலை சமமானால் அந்த இருவர் மட்டும் வாய் ஏலம். ஒரு கட்டுக்கு ஏழு நிமிடம்கூட ஆகவில்லை. வாய் ஏலத்தில் எட்டு பேருக்கு 13 நிமிடம் ஆயிற்று.

நேரம் மிச்சம், சரி. காசு? ஒரு ஷார்ட்ஸ்டாப்புக்கு நான் 31 எழுதினேன். எனக்கு அடுத்தபடியாக எழுதியவர் 14. வாய் ஏலமாக இருந்தால் 15-க்கு முடிந்திருக்கும். வாத்தியார் உடனே பொருளாதார நிபுணர் வில்லியம் விக்ரியை இழுத்துக்கொண்டு வந்தார். ஜெயித்தவர் தான் எழுதிய விலையைக் கொடுக்காமல் இரண்டாம் விலையைக் கொடுத்தால் போதும், அப்போதுதான் எல்லோரும் மனதில் இருப்பதை அப்படியே எழுதுவார்கள் என்று 1961-லேயே எழுதியவர், 1996-ல் நோபல் வாங்கியவர். எங்கள் பகடை ஆட்டம் பிறந்த அதே 1961. ஐயா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எழுதுன வெலைக்கு வாங்க மாட்டேன்னா எதுக்கு எழுதுன?” என்றார். வாத்தியாரிடம் பதில் இருந்தது, ஆனால் அதற்குள் அடுத்த சீட்டு பிரிந்துவிட்டது. இந்த விஷயத்தில் நான் வாத்தியார் கட்சி. அடுத்த வருஷம் இரண்டாம் விலை வைக்காமல் நான் சீட்டே எழுதப்போவதில்லை.

மூன்றாம் ரகம் ஏலமே இல்லை. சந்தை முடிகிற நேரத்தில் மீதிக் கத்தரிக்காயைக் கூறு கட்டி வைப்பார்களே, அப்படி. எல்லோரும் ஒரு காசு. கையில் அதிகம் மிச்சம் வைத்திருப்பவர் முதலில் எடுக்கலாம். 1 முதல் 8 வரை போய், திரும்பும்போது 8 முதல் 1. மாற்று பிட்சர், ஐந்தாவது அவுட்ஃபீல்டர் எல்லாம் இதில் போயிற்று. 40 நிமிடம்.

இதில்தான் எனக்கு மனத்தாங்கல். போன வருஷம் ராத்திரி எட்டு மணிக்கு, எல்லோரிடமும் மூன்று காசு நான்கு காசு இருக்கும்போது, யாருக்கும் தெரியாத ஒரு மாற்றுக் கேட்ச்சருக்காகச் சித்தப்பாவும் பட்டறை நண்பரும் போட்ட சண்டை இருக்கிறதே, அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறோம். இந்த வருஷம் அப்படிச் சொல்ல ஒன்றும் இல்லை. வாய் ஏலத்துக்கு 48 போதாது, 60 ஆக்க வேண்டும். கூடுதலாக 20 நிமிடம் போனால் போகட்டும்.

கணக்கு வேண்டுபவர்களுக்கு: வாய் ஏலம் 80 நிமிடம், சீட்டு 75, கூறு 40, வெற்றிலை போட்டதும் சண்டை போட்டதும் 35. பெயர்களை அவர் வாயில் கேட்கப் பொறுமை வேண்டும். ஓட்டானி ‘ஓட்டாண்டி’ ஆனார், பிட்சர் ஸ்கூபல் ‘ஸ்கூல் பையன்’. பத்தாவது ஆளிலிருந்து எல்லோருக்கும் சிப்ப நம்பர் போட்டுவிட்டோம். நீங்கள் முன்னாடியே நம்பர் போட்டு வைப்பது நல்லது. மாம்பழ சீசனில் கூப்பிடாதீர்கள், மருமகன் கடையில் மல்கோவாவுக்குக் காவல் இருக்கிறார், வரமாட்டார். முகூர்த்த நாளிலும் வரமாட்டார், பந்தி முக்கியம்.

ஐந்துக்கு நான்கு. குறைத்த ஒன்று ராலேக்கு.

1.50-க்கு ஏலம் முடிந்து, வெயில் நேரத்திலேயே சாப்பிட்டு, மதியமே முதல் ஆட்டத்துக்குப் பகடை உருட்டினோம். இருட்டும் முன்னால் தெருமுனையில் நின்று தட்டுவடை செட் சாப்பிட்டோம். ஆட்டோவில் ஏறும்போது ஐயா சித்தப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டார்: “அந்த ஓட்டாண்டி, 68-க்குப் போனானே, அவன் எடை எவ்வளவு இருக்கும்?”

“95 கிலோ இருப்பாருங்க.”

ஐயா விரல் விட்டு எண்ணினார். “மூணு சிப்பத்துக்கு மேலயே வருது. மலிவாத்தான் விட்டுட்டேன்.”