இணையதளம் செய்து தருபவரின் லேப்டாப்பில் மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்காதீர்கள்

நாச்சியார்கோவிலில் எங்கள் சித்தப்பா குத்துவிளக்குப் பட்டறை வைத்திருக்கிறார். வெளியூர்க்காரர்கள் படம் கேட்டும் விலை கேட்டும் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால், ஒரு இணையதளம் போட்டுவிடலாம் என்று போன வருடம் முடிவு செய்தோம். தெரிந்தவர் மூலம் ஒருவர் வந்தார். 18,000 ரூபாய் பேசி 10,000 முன்பணம் கொடுத்தோம்.

ஒரு மாதம் கழித்துத் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து காட்டினார். அன்ன விளக்கு, தொங்கு விளக்கு, ஒவ்வொன்றின் உயரம், எடை, எல்லாம் பளிச்சென்று தமிழில். சித்தப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாக்கி 8,000-ஐ அங்கேயே எண்ணிக் கொடுத்தார். பக்கத்தில் இருந்த எனக்கு, என் போனில் ஒருமுறை திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "என்னங்க, உங்க சைட்ல ஒண்ணுமே புரியலையே?" திறந்தேன். விளக்குப் படங்கள் இருந்தன. அடியில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளிகள்.

செய்தவரைக் கேட்டால், "உங்க பிரவுசர்ல பழசு தங்கியிருக்கு சார், கேஷ் கிளியர் பண்ணுங்க" என்றார். செய்தேன். வேறு பிரவுசரில் பார்க்கச் சொன்னார். ஃபயர்பாக்ஸிலும் அதே கோலம். அப்புறம் போன் பழசு என்றார். மூன்று வாரம் இப்படியே போயிற்று.

பிரவுசர் ஒருமுறை இறக்கிய படங்களையும் கோப்புகளையும் திரும்ப இறக்காமல் எடுத்து வைத்துக்கொள்ளும் இடம்தான் கேஷ். தளத்தில் செய்த மாற்றம் சில நேரம் நம் கண்ணுக்குத் தெரியாமல் போவது அதனால்தான். ஆனால் அன்றுதான் முதல்முறையாகத் திறந்த கோயம்புத்தூர்க்காரர் போனில் என்ன பழசு இருக்க முடியும்? இதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

காரணத்தைச் சொன்னவர் கும்பகோணத்தில் டிடிபி செய்யும் நண்பர். பார்த்தவுடனே "இது பாமினி" என்றார். எந்தப் போனிலும் கணினியிலும் தமிழைத் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறைதான் யூனிகோடு. பாமினி அதற்கு முந்தைய வகை எழுத்துரு, அதாவது ஃபாண்ட். உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துதான். அதற்குத் தமிழ் உருவம் கொடுப்பது அந்த ஃபாண்ட். மெய்யெழுத்தின் புள்ளிக்கு அதில் அரைப்புள்ளி. செய்தவரின் லேப்டாப்பில் ஃபாண்ட் இருந்தது, தமிழ் தெரிந்தது. வாங்க வருகிறவர்களின் போனில் அது ஏது? கூகுளில் "குத்துவிளக்கு" என்று தேடினாலும் எங்கள் பக்கம் வராது, ஏனென்றால் அந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லே இல்லை.

பாமினியை யூனிகோடாக மாற்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. சில நிமிட வேலை. அதற்குத் தளம் செய்தவர் தனியாக 6,000 கேட்டார். சரி, வேறு ஆளிடம் கொடுத்துக்கொள்கிறோம் என்றோம். அப்போதுதான் பெரிய அடி விழுந்தது: "டொமைன் என் பேர்ல இருக்கு சார். வேணும்னா 12,000 ஆகும்."

டொமைன் என்பது தளத்தின் முகவரிப் பெயர். வருடத்துக்குச் சுமார் ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் பெயர் அது. பதிவு செய்த நிறுவனத்தைக் கேட்டோம். கணக்கு யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்றார்கள். எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். டொமைனை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில் நீங்களே வாங்குங்கள். ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும், கடவுச்சொல்லும் உங்களிடமே இருக்கட்டும். வேலை செய்பவருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு அனுமதி போதும். ஏற்கெனவே தளம் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே, டொமைன் பதிவு விவரங்களைக் காட்டும் ஹூயிஸ் (WHOIS) தேடலில் உங்கள் தள முகவரியைப் போட்டுப் பாருங்கள். பெயர் மறைக்கப்பட்டிருந்தாலும், எந்த நிறுவனத்தில் பதிவு, எந்தத் தேதியில் காலாவதி என்பது தெரியும். அந்த நிறுவனத்தில் உங்களுக்கு லாகின் இல்லையென்றால், உறவு நன்றாக இருக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

கடைசித் தவணைக்கு முன், வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில், பழைய கேஷைப் பயன்படுத்தாத இன்காக்னிட்டோ பக்கத்தில் திறந்து பாருங்கள். வேறு ஊரில் இருக்கும் இரண்டு பேரிடம் சொல்லி ஸ்கிரீன்ஷாட் வாங்குங்கள். பிறகு பக்கத்திலிருந்து ஒரு தமிழ் வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே விழுந்தால் யூனிகோடு.

சித்தப்பா 12,000 கொடுக்க மறுத்துவிட்டார். இப்போது வேறு பெயரில், அவர் கணக்கிலேயே புதுத் தளம் ஓடுகிறது. பழைய முகவரி அச்சடித்த அட்டைப்பெட்டிகள் மட்டும் பட்டறையில் 300 கிடக்கின்றன. ஒவ்வொரு விளக்கும் கிளம்பும்போது சித்தி புது முகவரிச் சீட்டை மேலே ஒட்டி அனுப்புகிறார்.