மடியிலேயே வைத்துக் காது பார்க்கும் இ.என்.டி. கிளினிக், திருச்சி தில்லைநகர்: 4/5

பாப்பாவுக்கு ரெண்டே கால் வயசு. சளி பிடிச்ச மூணாம் நாள் ராத்திரி வலது காதைப் பிடிச்சுக்கிட்டு ஒரே அழுகை. மாமியார் பூண்டு போட்டுக் காய்ச்சின எண்ணெயோட ரெடியா நின்னாங்க. கெஞ்சித் தடுத்து வெச்சேன்.

போன வருஷம் வேற ஒரு இடத்தில் அவளை மல்லாக்கப் படுக்க வெச்சு, கையை ஒருத்தர், காலை ஒருத்தர் அமுக்க, திமிறினதில் காதுக்குள்ள கருவி உரசி ரத்தம் வந்துடுச்சு. அதிலேர்ந்து டாக்டர் ரூம் கதவைப் பார்த்தாலே அலறுவா. இங்கேயும் அதே கூத்துதான்னு நினைச்சுட்டுப் போனேன்.

டாக்டர் எடுத்தவுடனே கருவியைக் கையில எடுக்கலை. "நீங்க உட்காருங்கம்மா, பாப்பாவை மடியில சைடா வைங்க"ன்னார். அவ கால் ரெண்டும் என் தொடைக்கு நடுவுல. என் ஒரு கை அவ ரெண்டு கையையும் சேர்த்து அணைச்சபடி. இன்னொரு கையால நெத்தியைப் பிடிச்சு, தலையை என் நெஞ்சோட சாய்ச்சுக்கணும். முதல்ல வலியில்லாத இடது காது. அப்புறம் அப்படியே திருப்பி உட்கார வெச்சு வலது காது.

காது மடலைக் கொஞ்சம் கீழாகவும் பின்னாலயும் இழுத்தார். பெரியவங்களுக்கு மேல்பக்கமா இழுக்கணுமாம். காதுக்குள்ள வெச்சுப் பார்க்கிற டார்ச்சைப் பிடிச்ச கையோட சுண்டுவிரல் அவ கன்னத்துலயே ஊன்றி இருந்துச்சு. "தலையை ஆட்டினா என் கையும் கூடவே ஆடும், குத்தாது"ன்னார். போன தடவை ரத்தம் ஏன் வந்துச்சுன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

அழுதாலே செவிப்பறை சிவந்துடுமாம், அதனால சிவப்பை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாதுன்னார். இவளுக்கு உப்பியும் இருந்துச்சு. மூக்குக்குப் பின்னாலிருந்து காதுக்குப் போற குழாய் குழந்தைகளுக்குக் குட்டையா, படுக்கை வாட்டத்துல இருக்குமாம். சளி பிடிச்சா காது வலி வர்றதுக்கு அதுதான் காரணமாம்.

ஒரு ஸ்டார் குறைச்சது காத்திருப்புக்கு. ஆறரை மணி டோக்கன், உள்ளே போறப்போ எட்டேகால். ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஃபோன் அடிச்சா எடுக்கவும் மாட்டாங்க.

குழந்தையோட போறவங்க மாத்துத் துணி கொண்டு போங்க, குழந்தைக்கு இல்ல, உங்களுக்கு. முகத்தை நெஞ்சோட அணைச்சுப் பிடிக்கிறதுல சளி பூரா என் சுடிதார்லதான்.