சீடர் பலகை: தடுப்புக்குச் சரி, தரைக்கு வேண்டாம்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய இசிப்பிங்கோவில் கடற்காற்று எதையும் விட்டுவைக்காது. பின்வாசலில் மரத்தடுப்பும் மேலே நிழல் பந்தலும் போடலாம் என்றதும், பைன் போதுமே என்றார் வீட்டுக்காரர். நான்தான் பிடிவாதமாக வெஸ்டர்ன் ரெட் சீடர் (cedar) என்ற செந்நிற மரத்தை வாங்க வைத்தேன். டர்பன் வெயிலும் மழையும் அதன் மேல் விழுந்தாகிவிட்டது, இனி எழுதலாம்.

எடை குறைவு. கன மீட்டருக்குச் சுமார் 370 கிலோதான். நீளப் பலகையை நானே தூக்கிப் பிடித்தேன். கனமும் கெட்டியுமான பலாவ் மரத்தில் அது நடக்காது. ஈரம் ஏறி இறங்கினாலும் அதிகம் சுருங்காது, உப்பாது. அதனால் எங்கள் தடுப்பு இன்னும் நேராக நிற்கிறது. மக்காமல் காப்பது மரத்திலேயே ஊறியிருக்கும் சத்து. ஆனால் சிவந்த வைரப் பகுதியில்தான் அது உண்டு. ஓரம் வெளுத்த பலகைகளை மரக்கடைக்காரர் கட்டுக்குள் செருகியிருந்தார். பிரித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆணி விஷயத்தில் கறாராக இருங்கள். ஆசாரி சாதாரண இரும்பு ஆணியோடு வந்தார். ஒரு துண்டுப் பலகையில் அடித்து, நனைத்து வைக்கச் சொன்னேன். மறுநாள் ஆணித் தலையிலிருந்து மை ஒழுகியதுபோல் கறுப்புக் கோடு! மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் அப்படித்தான். கடலோரத்துக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணிதான் சரி. அப்புறம், அறுக்கும்போது முகமூடி அவசியம். இந்தத் தூள் சிலருக்கு ஆஸ்துமாவையே கொண்டுவரும்.

குறை என்றால், மரம் மெத்து. நகத்தால் அழுத்தினாலே தடம் விழுகிறது, நாற்காலிக் கால் சும்மா விடுமா? தரைக்குப் பலாவ் போட்டோம். மண்ணில் புதையும் தூண்களுக்கு, மண்ணில் நடத் தக்கது என்று காட்டும் ஹெச்4 முத்திரையிட்ட, மருந்தேற்றிய பைன். அங்கே சீடர் போடுவது காசுக்குப் பிடித்த கேடு.

எண்ணெய் பூசாவிட்டால் செந்நிறம் வெளுத்துச் சாம்பலாகும். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது; வீட்டுக்காரருக்கு இல்லை. வட அமெரிக்காவிலிருந்து கப்பலில் வருவதால் விலை பைனைவிட எங்கேயோ நிற்கிறது. உள்ளூர் சீடர் கிடைக்குமா என்று கேட்காதீர்கள். செடர்பெர்க் மலையில் இருப்பது அழிவின் விளிம்பில் உள்ள மரம்.

காய்ந்த சீடர் சட்டென்று தீப்பிடிக்கும். புரட்டாசி முடிந்து இறைச்சி சுடும் பிராய் அடுப்பை வெளியே இழுக்கும் வீடுகள், அதைப் பந்தலுக்கு அடியில் வைக்காதீர்கள்.